உள்ளங்கையில் ஒரு தமிழ்ப் பக்கம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் சில சொற்கள் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, எப்பொருளைப் பற்றிப் பேசுவது என்று சிறிது திகைத்தோம். இலக்கியச் சுவையை எடுத்துரைக்கப் புலமை மிக்கவர்கள் இங்கே இருக்கின்றனர். இசையின் நுட்பத்தைக் கூறவல்ல தாய்மார்களும் இருக்கின்றனர். நாமோ பார்சல் அலுவலகத்து எழுத்தர். படிப்பும் பத்தாம் வகுப்புடன் நின்றுவிட்டது. ஆகவே, கைப்பட்டு அறிந்த ஒன்றைப் பேசுவதே தகும் எனத் துணிந்தோம். இணையத்தில் உள்ள தமிழ்க் கட்டுரைகளைச் சிறிய கைப்பேசியில் படிக்கத்தக்க வடிவில், ஒரு நிரலின் வாயிலாகக் கேட்டுப் பெறுவது எங்ஙனம் என்பதே இன்றைய பொருள். இதனால் நம் பிள்ளைகளுக்கு விளைந்த நன்மையும் உண்டு. நம்மால் நேர்ந்த பிழையும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுவோம்.

இந்தக் கரக்பூர்க் காலனியில் வளரும் நம் குழந்தைகளின் நிலை நீங்கள் அறியாததன்று. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், கடைத்தெருவில் வங்காளம், வீட்டில் தமிழ். பேசும் தமிழ் காதால் வந்துவிடுகிறது. படிக்கும் தமிழ் அவ்வாறு வருவதில்லை. அதற்காகவே சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தி வருகிறோம். 2020-ஆம் ஆண்டில் பொதுமுடக்கம் வந்தபோது அந்த வகுப்பும் நின்றது. பிள்ளைகள் எழுத்தை மறந்துவிடுவார்களே என்ற கவலை நம்மைப் பற்றிக்கொண்டது. வாரம் ஒரு கட்டுரையைக் கைப்பேசி வழியே அனுப்பலாம் என்று முடிவு செய்தோம்.

கட்டுரைக்கு எங்கே செல்வது? தமிழ் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஊதியம் பெறாத அன்பர்கள் எழுதியும் திருத்தியும் வளர்த்துவரும் களஞ்சியம் அது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. வணிக விளம்பரம் கிடையாது. ஆகவே அங்கிருந்து எடுத்தோம்.

எடுத்த முறைதான் சரியில்லை. பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழ் வரை ஒருசேரத் தேர்ந்து, படியெடுத்து, ஒட்டி அனுப்பினோம். கட்டுரையோடு சேர்ந்து பட்டியின் சொற்களும், அட்டவணையின் துண்டுகளும், மேற்கோள் எண்களும் வந்துவிட்டன. அத்தளத்தில் ஒவ்வொரு பிரிவின் தலைப்பை அடுத்தும் 'தொகு' என்றொரு சொல் இருக்கும். அப்பகுதியைத் திருத்த விரும்புவோர் அழுத்துவதற்கான சொல் அது. நம் சிறுவன் ஒருவன் தொலைபேசியில் உரக்கப் படித்துக் காட்டினான். "வரலாறு தொகு" என்றான். "அமைப்பு தொகு" என்றான். 'தொகு' என்றால் என்ன என்று கேட்டோம். "அது தெரியவில்லை மாமா, ஆனால் தமிழில் எல்லாத் தலைப்பும் அப்படித்தான் முடியும்போல" என்று விடை பகர்ந்தான். சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் தவறான தமிழை நாமே கற்பித்துவிட்டோம் என்பதும் உண்மை.

பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்பி, அவரவரே திறந்து படிக்கட்டும் என்று விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் நல்ல கைப்பேசி ஒன்றே இருக்கும். அது தந்தையாருடன் பணிக்குச் சென்றுவிடும். வீட்டில் இருப்பது தாயாரின் பழைய கைப்பேசி. அதில் ஒரு நீண்ட பக்கம் திறப்பதற்குள் குழந்தை எழுந்து விளையாடப் போய்விடும். திறந்த பின்னரும் விரல் ஓர் இணைப்பின் மீது பட்டால் வேறொரு பக்கத்துக்குப் போய்விடும். படிக்க வந்த பிள்ளைக்கு வேண்டுவது கட்டுரை மட்டுமே.

இந்த இடர்ப்பாட்டை எதிர்வீட்டு அம்மையாரின் மகளிடம் கூறினோம். கல்லூரியில் கணினி பயிலும் பெண். அவள், "மாமா, நீங்கள் கடைக்குள்ளே புகுந்து அலமாரியோடு பெயர்த்து எடுத்து வருகிறீர்கள். வேண்டிய பொருளை மட்டும் கேட்டு வாங்க வெளியே ஒரு சாளரம் இருக்கிறது" என்றாள். அந்தச் சாளரத்துக்குப் 'பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம்' என்று பெயர். சுருக்கமாக ஏபிஐ என்பர். ஒரு நிரல் மற்றொரு கணினியிடம் வரையறுத்த முறையில் வேண்டுகோள் விடுத்து, வரையறுத்த வடிவில் விடை பெறுவதற்கான ஏற்பாடு அது.

கணினி மொழியில் இது கடினமாகத் தோன்றலாம். நம் அலுவலக மொழியில் கூறினால் குழந்தைக்கும் விளங்கும். பார்சல் பெற வருபவர் கிடங்கினுள் நுழைந்து மூட்டைகளைப் புரட்டுவதில்லை. சாளரத்தில் ரசீதை நீட்டுகிறார். எண், பெயர், வந்த நிலையம் ஆகியவை சரியாக இருந்தால் அவருடைய பொருள் அவருக்குக் கிடைக்கிறது. ஏபிஐ என்பதும் அத்தகையதே. கிடங்கை எப்படி மாற்றி அடுக்கினாலும், சாளரத்தில் கேட்கும் முறை மாறாத வரையில் நமக்குத் தொல்லையில்லை.

விக்கிப்பீடியாவில் நமக்குப் பயன்படும் சாளரங்கள் மூன்று. முதலாவது சுருக்கம் தருவது. தலைப்பைக் கூறினால், கட்டுரையின் தொடக்கப் பகுதி, இருந்தால் ஒரு சிறு படம், கட்டுரை கடைசியாக எப்போது திருத்தப்பெற்றது என்னும் குறிப்பு ஆகியவற்றைத் தரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறு குழந்தைகளுக்கு இதுவே போதும். இரண்டாவது சாளரம், கட்டுரையை வெற்று உரையாகத் தருவது. படமும் இணைப்பும் அட்டவணையும் நீங்கி வாசகம் மட்டும் வரும். மூன்றாவது, முழுக் கட்டுரையையும் கைப்பேசிக்கு ஏற்ற பக்கமாக ஆக்கித் தருவது. இதில் அட்டவணைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும், வேண்டுவோர் விரித்துக்கொள்ளலாம். படிப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் படம் இறங்கும். விக்கிப்பீடியாவின் கைப்பேசிச் செயலிகளுக்கென அமைக்கப்பட்ட வடிவம் இது.

வகுப்புத் தாளுக்கு இரண்டாவது சாளரத்தைத் தேர்ந்தோம். வேண்டுகோள் என்பது ஒரு நீண்ட முகவரிதான். அதில் நாம் நிரப்பும் கட்டங்கள் சிலவே. 'ஆக்‌ஷன்' என்னும் கட்டத்தில் 'குவெரி' என்று எழுத வேண்டும். வினவுகிறோம் என்பது பொருள். 'ப்ராப்' என்னும் கட்டத்தில் 'எக்ஸ்ட்ராக்ட்ஸ்'. பிழிவு வேண்டும் என்பது பொருள். வெற்று உரையாக வேண்டும் என்பதற்கு 'எக்ஸ்ப்ளெயின்டெக்ஸ்ட்' என்று ஒரு குறி. பின்னர்க் கட்டுரையின் தலைப்பு. இறுதியில், விடை 'ஜேசான்' என்னும் வடிவில் வேண்டும் என்ற குறிப்பு. ஜேசான் என்பது வேறொன்றுமில்லை. பார்சலின் மேல் ஒட்டும் சீட்டைப் போல, பெயர் ஒரு புறமும் அதற்குரிய செய்தி மறுபுறமுமாக எழுதும் முறை. நிரல் அதில் உரையின் பெயரைத் தேடி, எதிரே உள்ள வாசகத்தை எடுத்துக்கொள்ளும்.

தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முகவரிக்குள் செல்லும்போது அது உருமாறிப் போகும். 'பாம்பன் பாலம்' என்பதை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது ஏழெழுத்து. கணினி, உயிர்மெய்யின் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனியே எண்ணுவதால் அதன் கணக்கில் பன்னிரண்டு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. ஆக 36 பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஏழெழுத்துத் தலைப்பு, இடைவெளி நீங்கலாக, நூற்றெட்டு எழுத்தாகிவிடுகிறது. அர்ச்சனை செய்வதற்குப் பொருத்தமான எண்தான்! இதனைக் கையால் எழுத முயன்று இரண்டு நாள் வீணாக்கினோம். பைத்தான் மொழியில் ஒரே வரியில் கணினியே மாற்றிக்கொள்ளும் என்பதைப் பின்னர்தான் அந்தப் பெண் காட்டினாள்.

முதன்முறை வேண்டுகோள் விடுத்தபோது கட்டுரை வரவில்லை. 403 என்னும் எண் வந்தது. அனுமதியில்லை என்பது அதன் பொருள். நமக்குச் சினம் வந்தது. யாவர்க்கும் பொது என்று கூறிவிட்டுக் கதவை அடைக்கலாமா என்றோம். அவள் நம் நிரலை நோக்கிவிட்டு, "மாமா, யார் கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றாள். தானியங்கு நிரல்கள் தம் பெயரையும், தொடர்புகொள்ளும் வழியையும் 'யூசர் ஏஜென்ட்' என்னும் இடத்தில் குறிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அனுப்புநர் பெயர் இல்லாத மூட்டையை நாம் ஏற்போமா? பல்லாண்டுகளாக அத்தகைய மூட்டைகளைத் திருப்பி அனுப்பிய நாமே, பெயரில்லாத மூட்டையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். பெயரைக் குறித்தோம், கட்டுரை வந்தது.

அதனோடு வேறு சில ஒழுங்குகளையும் கற்றோம். முழுக் கட்டுரையாயின் ஒரு வேண்டுகோளுக்கு ஒன்றுதான் கிடைக்கும். முன்னுரை மட்டுமாயின் இருபது வரை கேட்கலாம். ஒன்றன் விடை வந்த பின்னரே அடுத்ததைக் கேட்பது நன்று. முண்டியடித்தால் 429 என்னும் எண் வரும். மிகுதியாகக் கேட்கிறாய், பொறு என்பது அதன் பொருள். தலைப்பில் எழுத்து வேறுபாடும் உண்டு. இராமேசுவரம் என்பார் ஒருவர்; ராமேஸ்வரம் என்பார் மற்றொருவர். ஒரு பெயரிலிருந்து மறுபெயருக்கு வழிமாற்று இருந்தால் அதனைப் பின்பற்றுமாறு வேண்டுகோளிலேயே கூறிவிட வேண்டும். அத்தலைப்பில் கட்டுரையே இல்லையெனில் 'காணவில்லை' என்னும் குறியோடு ஒரு விடை வரும். அக்குறியைக் கவனியாமல் ஒரு வாரம் தலைப்பு மட்டும் உள்ள வெறுந்தாளை அனைவருக்கும் அனுப்பினோம். ஒரு தாயார், "இந்த வாரம் பாடம் எளிதாக இருந்தது" என்று எழுதியிருந்தார்!

இவ்வாறு பெற்ற உரையில் பிரிவுத் தலைப்புகள் இருபுறமும் சமக்குறிகளுக்கு இடையே வரும். நம் நிரல் அதனைக் கண்டு தலைப்பைப் பெரிய எழுத்தாக்கும். பத்திகளுக்கு இடையே இடம் விடும். 'தொகு' அறவே ஒழிந்தது. மூவாயிரம் குறிகள் உள்ள கட்டுரை சுமார் ஒன்பது கிலோபைட்டுதான். தாயாரின் பழைய கைப்பேசியில் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. வகுப்பு மீண்டும் கூடிய பின்னரும், இத்தாளை அச்சிட்டுக் கையிலும் கொடுத்து வந்தோம்.

இனி நம் பிழைக்கு வருவோம்.

ஒரு முறை பெற்ற கட்டுரையை மீண்டும் மீண்டும் கேட்பது முறையன்று என்று எண்ணி, வந்ததைக் கணினியில் சேமித்து வைக்குமாறு நிரலை அமைத்திருந்தோம். எண்ணம் நல்லதே. ஆனால் சேமித்த படி எத்தனை நாள் செல்லும் என்று வரையறுக்க மறந்தோம். 2021-ஆம் ஆண்டில் பெற்ற பாம்பன் பாலத்தின் கட்டுரை அவ்வாறு உறங்கிக்கொண்டிருந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை முடிந்தபின் அதையே அச்சிட்டு வகுப்பில் கொடுத்தோம். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பெற்ற பாலம். கப்பல் செல்வதற்கு நடுவே இருபுறமும் திறக்கும் பாலம். அதன்மேல் ரயில்கள் செல்கின்றன என்று படித்துக்கொண்டு வந்தோம்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "மாமா, பழைய பாலத்தில் இப்போது ரயில் போவதில்லை. நாங்கள் போன மாதம் புதுப் பாலத்தில்தான் போனோம். அதில் நடுப்பகுதி அப்படியே மேலே போகும்" என்றாள். நாம் தாளை நோக்கினோம், சிறுமியையும் நோக்கினோம். தாளை நம்பினோம். "அச்சில் இருப்பது பொய்யாகுமா? நீ வேறொரு பாலத்தைப் பார்த்திருப்பாய், உட்கார்" என்றோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவள் அமர்ந்தாள். அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை.

மாலையில் அவள் தந்தையார் வந்து, ஒன்றும் பேசாமல் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நீலக் கடல், இரண்டு கோபுரங்கள், இடையே உயர்த்தப்பட்ட இருப்புப்பாதை. 2022-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே பழைய பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பெற்றது. செங்குத்தாக உயரும் அதன் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளமுடையது. ரயில்வேயில் சோறு உண்ணும் நமக்கு இது தெரியாததா? தெரியும். செய்தித்தாளிலும் படித்திருந்தோம். ஆயினும் தாளைக் கையில் பிடித்தவுடன், தாளே பெரிதாகிவிட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான்கு மொழிகளுக்கு நடுவே, தமிழில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசிய குழந்தையை உட்கார வைத்துவிட்டோமே என்று மனம் வருந்தியது. அடுத்த ஞாயிறன்று பாடம் தொடங்குமுன் அவளை முன்னே அழைத்து, "நீ சொன்னதே சரி, மாமா சொன்னது தவறு" என்று அனைவர் முன்னிலையிலும் கூறினோம். பின்னர் அவளையே பாலத்தைப் பற்றிப் பேசச் சொன்னோம். பத்து நிமிடம் பேசினாள். இடையிடையே இந்தி வந்தது. எனினும் நிற்காமல் பேசினாள்.

இப்பிழை நம் காலனிக்குப் புதிதும் அன்று. கரக்பூர் மேடைதான் உலகிலேயே நீளமானது என்று இன்றும் விருந்தினரிடம் பெருமை பேசுவோர் நம்மிடையே உளர். 1072 மீட்டர் நீளம் என்பது மெய். முதலிடம் மட்டும் 2013-ஆம் ஆண்டில் கோரக்பூருக்குச் சென்றுவிட்டது. 2023-ஆம் ஆண்டில் அங்கிருந்து ஹூப்ளிக்குச் சென்றது. ஹூப்ளி மேடையின் நீளம் 1507 மீட்டர். ஒரு காலத்தில் மெய்யாக இருந்ததை, நாள் குறியாமல் சேமித்து வைத்தால் அது பொய்யாகிவிடும்.

ஆகவே நிரலைத் திருத்தினோம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண்ணும் நேரமும் உண்டு. இப்போது சனிக்கிழமை இரவில் நம் நிரல் முதலில் அந்த எண்ணை மட்டும் கேட்கிறது. சேமித்த படியின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால், உள்ளதே போதும். வேறாக இருந்தால் கட்டுரையைப் புதிதாகப் பெறுகிறது. இதனால் சாளரத்துக்கும் சுமையில்லை, தாளும் பழையதாவதில்லை. தாளின் அடியில் மூன்று குறிப்புகளை அச்சிடுகிறோம். கட்டுரை எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. கடைசியாகத் திருத்தப்பெற்ற நாள் மற்றொன்று. எந்த உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது என்பது மூன்றாவது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அவ்வுரிமம், எழுதியோரைக் குறிப்பிட்டு, நாம் செய்த மாற்றத்தையும் கூறி, அதே உரிமத்தில் பிறர்க்கு வழங்க இடம் தருகிறது. இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக உடையவர் பெயரை விடுதல் அறமன்று.

இம்முறையின் குறைகளையும் கூறுவது கடமை. வெற்று உரையில் அட்டவணை வராது. பாலத்தின் நீளம் போன்ற செய்திகள் கட்டுரையின் பக்கவாட்டுப் பெட்டியில் மட்டும் இருந்தால் அவை விடுபட்டுப் போகும். நாம் கையால் சேர்க்க வேண்டும். சாளரங்களும் என்றும் நிலைத்திருப்பன அல்ல. பக்கத்தைப் பிரிவு பிரிவாகக் கைப்பேசிக்குத் தந்த சாளரம் ஒன்று நாம் தொடங்கிய நாளில் இருந்தது. பின்னர் அது மூடப்பெற்றது. கால அட்டவணை மாறுவதை நாம் கவனிப்பது போல, சாளரம் பற்றிய அறிவிப்புகளையும் கவனித்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரல் கொண்டு வருவது பிறர் எழுதி வைத்ததையே. எழுதியதில் பிழை இருந்தால் பிழையும் விரைவாக வந்து சேரும்.

எனவே இந்த அவையிடம் நாம் வேண்டுவன இரண்டு. வீட்டில் பயன்படாமல் இருக்கும் பழைய கைப்பேசியை எறிந்துவிடாமல் வகுப்புக்குத் தாருங்கள். ஒன்பது கிலோபைட்டுக் கட்டுரையைத் திறக்க அது போதும். அடுத்து, பணி ஓய்வு பெற்ற பெரியோர்கள் ஞாயிறன்று ஒரு மணி நேரம் வந்து, தாளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். நீங்கள் அறிந்ததற்கு மாறாக அதில் ஏதேனும் இருந்தால் கூறுங்கள். தக்க சான்று இருப்பின் அந்த 'தொகு' என்னும் சொல்லை அழுத்தி மூலத்திலேயே திருத்துவோம். அச்சொல்லின் பொருளை நம் பிள்ளைகள் அவ்வாறு அறியட்டும்.

அந்தச் சிறுமி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். தாள் கையில் கிடைத்தவுடன் அவள் முதலில் பார்ப்பது அடியில் உள்ள தேதியைத்தான். பிறகே தலைப்பைப் படிக்கிறாள்.